பள்ளிக்கூடத்தில் பாடு யாருக்கு?

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் 'பாடு' என்றொரு சொல் புழங்குகிறது. ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு அது பெயர். அந்த இடத்தில் வலை கட்ட ஒருவருக்குக் கிடைக்கும் முறைக்கும் அதுவே பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் நன்றாக விழும். தள்ளிப் போகப் போகக் குறையும். நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அரசு உத்தரவு இல்லாமல் ஓர் ஏரியைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அறிவு எங்கள் முன்னோரிடம் இருந்தது என்பதில் எனக்கும் பெருமை உண்டு.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் எழுதப்படுகிறது? வழக்கப்படி இந்தப் பாடு உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த பட்டினவர் ஆண்களுடையது. ஏரிக்கரையில் தலைமுறைகளாக வாழும் தலித் மக்களின் பெயர் அதில் இல்லை. இருளர்களின் பெயர் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களின் பெயரும் இல்லை. இருளர்கள் ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி இறால் பிடிக்கிறார்கள். தமிழில் பாடு என்றால் உழைப்பு, துன்பம் என்றும் பொருள். அந்தப் பாடு அவர்களுக்கு. முறை வைக்கும் பாடு எங்களுக்கு.

நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன். பட்டினவர் வீட்டில் பிறந்தவன். அரசுப் பட்டியலில் நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். கூடையோடு பேருந்தில் ஏறும் எங்கள் அம்மாக்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்பவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். மேலே இருப்பவன் நம்மைத் தள்ளுகிறான் என்று குமுறுகிற நாமே, நமக்குக் கீழே என்று ஒருவரை வைத்துத் தள்ளுகிறோம். சாதி என்பது படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை விளங்கிக்கொள்ள எங்கள் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்தால் போதும்.

ஏரியின் நியாயத்தைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும். இங்கே நான் பேச வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி. குப்பத்துப் பிள்ளை, காலனிப் பிள்ளை, இருளர் குடியிருப்புப் பிள்ளை, பழவேற்காட்டு முஸ்லிம் தெருப் பிள்ளை, மாதா கோயில் தெருப் பிள்ளை எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும் ஓரிடம் எங்கள் பகுதியில் அரசுப் பள்ளிதான். வேறு எந்த இடத்திலும் இவர்கள் அருகருகே உட்காருவதில்லை. கோயில் வேறு, சுடுகாடு வேறு, தண்ணீரில் இறங்கும் இடமும் வேறு.

வகுப்பறைக்குள் சட்டம் ஓரளவுக்கு நுழைந்திருக்கிறது. சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உதவித்தொகை உண்டு. சத்துணவை ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்கிறார்கள். தனித்தனியாக உட்கார வைத்தால் புகார் கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் விளையாட்டு மைதானம், ஆண்டுவிழா மேடை, இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், சாரணர் படை, பள்ளிச் சுற்றுலா ஆகியவற்றுக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அவையெல்லாம் 'ஆர்வம் உள்ளவர்களுக்கு' என்று விடப்படுகின்றன. சாதி நுழைவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

கடந்த சில ஆண்டுகளாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆண்டுவிழா, விளையாட்டுப் போட்டி எதைப் பற்றிக் கேட்டாலும் சில பிள்ளைகள் ஒரே பதிலைச் சொல்கின்றன: "அதெல்லாம் அவங்களுக்குண்ணா." யார் அந்த 'அவங்க' என்று நான் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஓர் இருளர் பெண்பிள்ளை. மணலில் ஓடினால் எங்கள் பையன்கள் யாரும் அவளைப் பிடிக்க முடியாது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுத்த நாள் எது என்பதே அவளுக்குத் தெரியாது. அவளை யாரும் தடுக்கவில்லை, திட்டவில்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். யாரோ ஓர் ஆசிரியர் சாதிவெறியோடு பட்டியல் போடுகிறார் என்று நினைத்தால் நாம் பாதியைத்தான் பார்க்கிறோம். "பேர் குடுக்க விரும்புறவங்க கைய தூக்குங்க" என்கிறார் ஆசிரியர். கை தூக்குவது ஏற்கெனவே மேடை ஏறிய பிள்ளை. ஒத்திகை பள்ளி விட்ட பிறகு நடக்கிறது. காலனிக்கோ குடியிருப்புக்கோ போகும் கடைசிப் பேருந்து அதற்குள் போய்விடும். நடன உடைக்கு வாடகை கட்ட வேண்டும். ஓட்டத்துக்கு ஷூ வாங்க வேண்டும். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்பிள்ளை, அம்மாவோடு நண்டு பிரிக்க உட்கார வேண்டிய பெண்பிள்ளை, நாலேகால் மணிக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்க முடியாது. இறால் விழும் இடம் தேடிக் குடும்பத்தோடு போகும் இருளர் பிள்ளை அந்த வாரம் பள்ளியிலேயே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னக் காரணம். எல்லாம் கூடும்போது மேடையில் நிற்பவர்களின் பட்டியல் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருபவர்களின் பட்டியலைப் போலவே ஆகிவிடுகிறது.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, படிப்பு இருந்தால் போதாதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மதிப்பெண்ணும் வேலையும் விடுதலை தரும், ஆட்டமும் பாட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறேன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர்; வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறுநூலில் தம் பள்ளி நாள்களை அவர் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூரில் படித்த பள்ளியில் உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனர். பழகினால் தம் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் யாரும் வந்து ஒட்டிக்கொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியவில்லையே என்ற வேதனையை அந்த வயதிலேயே சுமந்திருக்கிறார்.

எண்பது வயதை நெருங்கும்போது தம் வாழ்க்கையைச் சில பக்கங்களில் சுருக்கி எழுதுகிறார் ஒரு பெருந்தலைவர். லண்டன் போனதும் சட்டமன்றத்தில் போராடியதும் அதில் இருக்கின்றன. விளையாட முடியாமல் போனதும் இருக்கிறது. அவர் வகுப்பறையிலிருந்து துரத்தப்படவில்லை. படித்தார், முன்னேறினார். ஆனால் மணிக்கு முன்னும் மணிக்குப் பின்னும் அந்தப் பள்ளி அவருடையதாக இல்லை. பள்ளி நம்முடையதா இல்லையா என்பதை ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது அந்த நேரத்தில்தான்.

இன்றைக்குப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் வறுமை, குழந்தைத் திருமணம், வேலை என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அதே வறுமையில் ஒரு பிள்ளை நிற்கிறது, இன்னொரு பிள்ளை தொடர்கிறது. தொடரும் பிள்ளைக்குப் பள்ளியில் யாரோ காத்திருக்கிறார்கள். "நாளைக்கு நீ வரலைன்னா ஆட்டமே இல்லை" என்று சொல்ல ஒரு குழு இருக்கிறது. வருகைப் பதிவேடு ஒரு பிள்ளை வரவில்லை என்று குறித்துக்கொள்ளும். நீ இல்லாமல் எங்களுக்கு ஆகாது என்று அது ஒருபோதும் சொல்லாது. அதைச் சொல்வது கோ-கோ அணி, நாடகக் குழு, பாட்டுக் குழு.

அப்படியானால் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அணியில் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? அதற்கும் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. பல்வாங்கர் பாலு, சமார் சமூகத்தில் பிறந்த இடது கைச் சுழல்பந்து வீச்சாளர். நூறாண்டுகளுக்கு முன் இந்தியாவின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் நூற்றுக்கு மேல். பூனாவில் இந்துக்களின் அணிக்கு அவர் பந்து வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வரவே இல்லை; அவர் தம்பி விட்டலுக்கு அது 1923இல் கிடைக்கவும் ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. கோப்பை வெல்ல நம் பிள்ளையின் காலும் கையும் வேண்டும், கூட உட்கார நம் பிள்ளை வேண்டாம் என்று ஒரு பள்ளி நடந்துகொள்ள முடியும். அதற்குப் பெயர் சேர்த்துக்கொள்வது அல்ல. எங்கள் பகுதிப் பள்ளிகளில் காலனிப் பையன் கபடியில் நன்றாக ஏறுவான். அணித் தலைவன் பெயரை மட்டும் வேறு இடத்தில் தேடுவார்கள். இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு கசப்பான உண்மையையும் பேசியாக வேண்டும். விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்பது மேடைப் பேச்சு. 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்த ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். ஒரே பள்ளி, ஒரே சீருடை. அவை மட்டும் எந்தக் கையையும் தடுக்கவில்லை.

ஊர் ஊராக, தெருத் தெருவாக அணி கட்டி மோதவிட்டால் விளையாட்டு சாதிச் சண்டைக்கு ஒத்திகையாகிவிடும். ஒரே அணியில் கலந்து நிறுத்தினால்? உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளியல் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலரை ஒரு மாதக் கிரிக்கெட் தொடரில் ஆடவைத்தார். சில அணிகளில் ஒரே சாதியினர், சில அணிகளில் பல சாதியினர். முடிவுகள் 2021இல் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் வெளிவந்தன. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதிக்காரனுக்கே சாதகம் செய்யும் போக்கு குறைந்தது. ஆனால் வேறு சாதிக்காரரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் இந்த நன்மை இல்லை. பொதுவாக விலகலே கூடியது.

நம் கையில் இருக்கிற பாடம் இதுதான். பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்களா என்று கேட்டால் போதாது. யாரோடு யார் ஒரே பக்கம் நிற்கிறார்கள், அதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளைகளையே பிரிந்துகொள்ளச் சொன்னால் தெருவாகப் பிரிவார்கள். தெரு என்றால் சாதி. ஆசிரியர் பிரித்தால் தெரிந்த முகங்களாகப் பிரிப்பார். சீட்டுக் குலுக்கிப் போட்டால் மட்டுமே பிறப்பு அதில் நுழைய முடியாது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஜூனில் வந்தது. சாதிக் கயிறுக்கும் அடையாளங்களுக்கும் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைப்பது, எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை என்று பல பரிந்துரைகள். கயிறைப் பற்றித்தான் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் விவாதித்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது அகர வரிசை. யாரருகில் யார் என்பதைத் தெருவின் கையிலிருந்து பிடுங்கி எழுத்தின் கையில் கொடுக்கும் எளிய யோசனை அது. வகுப்பறைக்கு அகர வரிசை என்றால், மைதானத்துக்கும் மேடைக்கும் குலுக்கல்.

இதற்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. 2024 நவம்பரில் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற குழு முறையைத் தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம், பச்சை என்று காலங்காலமாக இருக்கும் முறைதான். நம் பிள்ளைகளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. 2022-23 முதல் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகக் கலைத் திருவிழாவும் நடக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். திட்டத்தின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பழைய பட்டியலையே அதற்குக் கீழே ஒட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

குலுக்கல் நேர்மையாக நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டினவர் வீட்டுப் பையனுக்குக் குறிஞ்சி விழலாம். இருளர் பெண்பிள்ளைக்கு நெய்தல் விழலாம். ஏரியில் நெய்தல் பிறப்பால் எங்களுடையது என்கிறோம். பள்ளி முற்றத்தில் அது யாருக்கும் வரும், அடுத்த ஆண்டு இன்னொருவருக்கும் வரும். நெய்தல் குழுவின் தலைவியாக அந்தப் பெண் நின்று கட்டளையிட, எங்கள் பையன் அவளுக்காகக் கைதட்டுவான். பத்து ஆண்டுகள் கழித்து அவன் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும்போது, அந்தக் கைதட்டல் எங்கேயாவது ஒரு மூலையில் மிச்சம் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாடம் சாராத செயல்பாடு, உள்ளூர்க் கலை, உள்ளூர்த் தொழில் என்ற பெயரில் இன்னொன்றும் பள்ளிக்குள் வரப் பார்க்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டினார், தமிழகம் எதிர்த்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையான பிள்ளைகளைப் புத்தகப்பை இல்லாமல் பத்து நாள் உள்ளூர்த் தொழிலாளிகளிடம் பழக அனுப்பச் சொல்கிறது. யார் பிள்ளை யாரிடம் போகும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பறை அடிக்கக் காலனிப் பையன், வலை பின்னக் குப்பத்துப் பையன், ஓலை முடைய முஸ்லிம் தெருப் பெண்பிள்ளை, பேச்சுப் போட்டிக்கும் பரிசளிப்பைத் தொகுத்து வழங்கவும் வேறு பிள்ளை என்று ஆகிவிட்டால் அது குலக்கல்விதான். விழா முடிந்ததும் பெருக்கக் கூப்பிடப்படும் பிள்ளைகள் யார் என்றும் பாருங்கள். துப்புரவு முகாமில் துடைப்பமும் புகைப்படமும் வெவ்வேறு கைகளுக்குப் போனால் அதுவும் அதே கல்விதான்.

அதற்காகப் பறையையும் வலையையும் ஓலையையும் பள்ளிக்கு வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றில் அறிவு இருக்கிறது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளில் உள்ள கணக்கை எந்த வடிவியல் பாடமும் இவ்வளவு அழகாகச் சொல்லித் தராது. தண்ணீரின் நிறம் பார்த்தும் காலடிச் சேற்றைத் தொட்டும் இறால் இருக்கும் இடம் சொல்லும் இருளர்களின் அறிவு எந்த அறிவியல் மன்றத்துக்கும் பெருமை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் எங்கள் மணலில் நின்றே பார்க்கலாம். அந்தத் தீவு ஏவுதளம் ஆவதற்கு முன் ஏனாதிப் பழங்குடிகளின் இருப்பிடம் என்பதையும் அதே மன்றத்தில் பேசலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்தக் கலையும் எந்தத் திறனும் பள்ளிக்குள் வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீட்டில் விழ வேண்டும். பறை பட்டினவர் பையன் தோளில் ஏற வேண்டும். தொகுப்புரை காலனிப் பெண்பிள்ளையின் குரலில் ஒலிக்க வேண்டும்.

'திறமைக்கு மதிப்பில்லையா, வட்டாரப் போட்டிக்குக் குலுக்கலில் ஆள் அனுப்ப முடியுமா' என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிப் போட்டிக்கு நன்றாக ஆடுபவர் போகட்டும். ஆனால் நன்றாக ஆடுபவர் யார் என்று தெரிய, முதலில் எல்லோரும் களத்தில் இறங்கியிருக்க வேண்டும். மணலில் ஓடும் அந்தப் பெண்பிள்ளையின் வேகம் இதுவரை எந்தக் கடிகாரத்திலும் பதிவாகவில்லை. திறமை என்று நாம் பட்டியலிடுவது பெரும்பாலும் வாய்ப்புக் கிடைத்தவர்களின் பட்டியல்.

குலுக்கலில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்திச் சாதி கேட்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யும் ஆசிரியர்கூட "எஸ்.சி. பசங்க யாராவது ஒருத்தர் வாங்க" என்று வகுப்பில் கூப்பிட்டுப் பிள்ளையைக் கூனிக் குறுக வைப்பதைக் கேள்விப்படுகிறோம். சீட்டு அந்த அவமானத்தைத் தராது.

ஆகவே எங்கள் பகுதிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடமும் நான் கேட்பவை இவை. பயிற்சியும் ஒத்திகையும் பள்ளி நேரத்துக்குள் நடக்கட்டும். கால அட்டவணையில் இருக்கும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது நிற்கட்டும். குழுக்கள் குலுக்கலில் அமையட்டும். அணித் தலைமை, தொகுப்புரை, கொடி பிடிப்பது எல்லாம் முறை வைத்து மாறட்டும். பெண்பிள்ளைகளும் அந்த முறையில் சரிபாதி இருக்கட்டும். உடைக்கும் ஷூவுக்கும் பெற்றோரிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது; பணம் இல்லையென்றால் சீருடையிலேயே ஆடட்டும். தொழிலுக்காக இடம் பெயர்ந்து போன பிள்ளை திரும்பி வரும்போது அதன் இடம் அதற்காகக் காத்திருக்கட்டும். விழாவுக்குப் பின் பெருக்குவதும் சீட்டில் வரட்டும். ஆண்டு முடிவில் ஒரு முறைகூட மேடையோ களமோ ஏறாத பிள்ளைகள் யார் யார் என்று தலைமை ஆசிரியர் பட்டியல் எடுத்துப் பார்க்கட்டும். அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காரணம் பேசினால் போதும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட சமூகப் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ப இடம் உண்டு. அந்த இடத்தில் உண்மையிலேயே இருளர் தாய் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறாரா, கைநாட்டு மட்டும் வாங்கப்படுகிறதா என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

எங்கள் குப்பத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கும்போது ஏரியை நம்பி வாழும் எல்லோரும் நமக்குத் துணை வேண்டும் என்கிறோம். முகத்துவாரம் தூர்ந்து போனால் பாடு உள்ளவனுக்கும் இறால் இல்லை, பறி கடித்தவனுக்கும் இறால் இல்லை என்று மேடையில் பேசுகிறோம். போராட்டப் பந்தலில் சேர்ந்து உட்காரச் சொல்லும் நாம், நம் பிள்ளை காலனிப் பிள்ளையின் தலைமையில் ஆட வேண்டி வந்தால் பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் முறையிடக் கூடாது. முறையிடுகிற தகப்பனைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிற நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. பங்கிடத் தெரிந்த சமூகம் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். சீட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு, சீட்டில் எல்லாப் பெயரையும் எழுதுவது ஒரு புதிய வித்தை அல்ல.

ஜூனில் பள்ளி திறக்கிறது. முதல் வாரத்தில் குழு பிரிப்பார்கள். அன்றைக்குப் பெற்றோராக, மேலாண்மைக் குழு உறுப்பினராக, முன்னாள் மாணவராகப் பள்ளிக்குப் போய் நின்று, எங்கள் கண் முன்னால் சீட்டுக் குலுக்குங்கள் என்று கேளுங்கள். ஒரு பெட்டியும் கொஞ்சம் காகிதமும் போதும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.